சாப்பாட்டு மேசையில் ஒரு டெஸ்ட்

மனைவி பகவதியைக் கைலாசம் கடைசியாக உயிரோடு பார்த்தது வாசல் கேட்டுக்கு வெளியே, முதுகுப் பக்கமாக. கழுவி உலர்த்திய இடியாப்ப அரிசியைத் தூக்குவாளியில் போட்டு மாவு மில்லுக்குப் புறப்பட்டிருந்தாள். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பாமலே, "பலகையத் தொட்டுறாதீங்க, அம்பை அத்தை நாப்பதைத் தாண்டி நிக்கா, வந்து முடிச்சிருதேன்" என்றாள். நாற்பதைத் தாண்டி என்றாளா, நாற்பதில் என்றாளா என்பது பிறகு வந்த கவலை. அப்போது அவர் "ம்" என்று மட்டும் சொன்னார். வெயில் இன்னும் ஏறாத நேரம். அவள் ரவிக்கையின் முதுகில் ஈரம் ஒரு தீவு மாதிரி இருந்தது. அதைப் பார்த்தபடி, சாயங்காலம் கரண்ட் போகுமோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மில்லில் நாலு பேர் காத்திருந்தார்களாம். பெஞ்சில் உட்கார்ந்த பகவதி பக்கத்தில் இருந்தவளிடம், "நீங்க முன்னால போங்க, எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தாள், அவ்வளவுதான். மில்காரர் நல்ல மனுஷன், அரிசியை அரைத்தே கொடுத்தனுப்பினார். வீடு நிறைய ஆட்கள் இருந்த அந்த நாட்களில் அந்த மாவை யார் பிழிந்து யார் தின்றார்கள் என்று இன்றுவரை கைலாசத்துக்குத் தெரியாது.

இப்போது மத்தியானச் சாப்பாடு ஆகிவிட்டது. மகன் சைலப்பனும் மருமகள் ஹேமாவும் காஸ் சிலிண்டரை ஒப்படைக்கப் போயிருக்கிறார்கள். நாளைக் காலையில் அவர்களோடு கோயம்புத்தூர். கட்டில் போய்விட்டது, பீரோ போய்விட்டது, அவை நின்ற இடங்களில் தரை மட்டும் புதுசாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையை வாங்கியவர் நாலு மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மேசையின் பாதியில் பலகை, மேலே பழைய வேட்டி. இரண்டு மாதமாக அவர் மற்றப் பாதியில் சாப்பிட்டு வருகிறார். காலையில் ஹேமா வேட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, "மாமா, இத மடிச்சுப் பெட்டில வச்சிரட்டுமா?" என்று கேட்டாள். "இரும்மா, ஒரு ஆட்டம் பாக்கி கெடக்கு" என்றார். ஹேமா சைலப்பனைப் பார்த்தாள், சைலப்பன் ஹேமாவைப் பார்த்தான், இருவரும் பார்த்துக்கொண்டதைக் கைலாசம் பார்த்தார். மூளை பிசகிவிட்டதென்று நினைக்கிறார்கள். பிசகவில்லை. ரயில் தபாலில் கடிதம் பிரித்தவர் அவர். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு புறாக்கூடு மாதிரி இருக்கும் அறைகளில் கடிதங்களை எறிந்து, பையைக் கட்டி அரக்கு வைத்து, அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வாய் கட்டாத பையை விட்டுவிட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை. இந்த ஆட்டத்தை எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை, அதுதான் விஷயம். நாலு மணிக்குள் ஒரு முடிவு வேண்டும். அது அவளும் ஒத்துக்கொள்ளக்கூடிய முடிவாக இருக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்று ஒருவன் கேட்கலாம். கேட்கிறவன் பகவதியோடு ஆடியதில்லை.

வேட்டியை எடுத்தார். பச்சைத்தாள் ஒட்டிய கிரிக்கெட் பலகை, நடுவில் கீல், இரண்டாக மடியும். ஒரு பக்கம் பந்து உருண்டு வர ஒரு தகரச் சரிவு, அதன் உச்சியில் ஒரு சின்னத் தாழ். தாழைத் தூக்கினால் குண்டு கடகடவென்று இறங்கும். எதிர்ப்பக்கம் தகர மட்டைக்காரன், முதுகில் ஒரு நெம்பு. நேரம் பார்த்து நெம்பைத் தட்டினால் குண்டு பறக்கும். சுற்றிலும் குழிகள்: ஒன்று, இரண்டு, நாலு, ஆறு, நடுநடுவே 'கேட்ச்' என்று சிவப்பில். மட்டைக்காரனுக்குப் பின்னால் மூன்று ஆணி, குண்டு அதில் பட்டால் ஸ்டம்பு போயிற்று. சைலப்பன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பொருட்காட்சியில் வாங்கிக் கொடுத்தது. பையன் இரண்டு வாரம் ஆடிவிட்டு நிஜ மட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான், பலகை பரண் ஏறியது. கைலாசம் ஓய்வு பெற்ற வருஷம் பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைத்தபோது பகவதிதான் இறக்கினாள். "சும்மா மோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு இதையாவது ஆடலாம்லா" என்றாள். குண்டு தொலைந்திருந்தது, சைக்கிள் கடையில் ஒரு பால்ரஸ் இரும்புக் குண்டு வாங்கி வந்தாள். மைதானத்தில் நடக்கிற கிரிக்கெட்டை அவள் ஒரு நாளும் முழுசாகப் பார்த்தவளில்லை. டிவியில் ஓடினால், "இவனுவ ஏன் எச்சியத் துப்பிக்கிட்டே நிக்கானுவ" என்று எழுந்து போய்விடுவாள். பலகையில் மட்டும் பேய் மாதிரி ஆடுவாள்.

அவளுடைய ஆட்டக்காரர்கள் பொத்தான்கள். தையல் டப்பாவிலிருந்து பொறுக்கியவை. ஒவ்வொரு பொத்தானும் ஒரு பொம்பளை. முதலில் இறங்குவது அவருடைய அம்மா, கறுப்புப் பொத்தான், ஓரம் உடைந்தது. அம்பை அத்தைக்கு முத்துப் பொத்தான். பால்காரி சொர்ணத்துக்கு வெள்ளை. தன் சித்தி பெண்கள் மூன்று பேருக்கும் ஒரே சட்டையிலிருந்து மூன்று நீலம். கைலாசத்துக்கு ஆட்கள் பெயர் வைக்கக் கூச்சமாக இருந்தது. யோசித்து யோசித்து, ராத்திரி பகலாகத் தான் போய்வந்த பாதையின் ஸ்டேஷன்களை வைத்தார். கடம்பூரும் கோவில்பட்டியும் முதலில் இறங்கும், சாத்தூர் நிதானமாக ஆடும். பகவதி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மனுசன் கெடைக்கலையா உங்களுக்கு? கூட வேல பாத்தவன் ஒருத்தன் பேராவது ஞாபகம் இருக்கா?" இருந்தது. ஆனால் பெயர் வைத்துவிட்டு அவனை டக் அவுட் ஆக்குவதற்கு மனம் வரவில்லை. கடம்பூருக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கரண்ட் போனால் வெளிச்சக் குறைவு, ஆட்டம் நிறுத்தம். விருந்தாளி வந்தால் மழை. கதவு தட்டினால் பகவதி, "மழை வந்துட்டு, மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே போய்த் திறப்பாள். வந்தவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

ஓட்டக் கணக்கை அவர்கள் எழுதிவைத்ததில்லை. பலகையின் மரவிளிம்பில் இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டைகள், ஒன்றுக்கு, பத்துக்கு, நூறுக்கு. அதில் தீக்குச்சி செருக வேண்டியது. குச்சி நகர நகர கணக்கு நகரும். அடுப்புக்கு லைட்டர் வந்த பிறகு அந்த வீட்டில் தீப்பெட்டி வாங்கியதே இதற்காகத்தான். அன்றைக்கு அவளைக் கூடத்தில் கிடத்தியபோது தலைமாட்டில் விளக்கேற்றத் தீப்பெட்டி தேடினார்கள். "இந்த வீட்ல ஒரு தீக்குச்சி கிடையாதா" என்று ஒரு குரல். பிறகு ஒரு கை, கண்ணாடி வளையல் போட்டது, வந்து பலகையின் விளிம்பிலிருந்து குச்சிகளைப் பிடுங்கியது. அவளுடையதும் அவருடையதும் சேர்த்து. எங்கேயோ உரசினார்கள், முதல் குச்சி அணைந்தது, இரண்டாவது பற்றியது. கைலாசம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கை என்று முகம் தூக்கிப் பார்க்கவில்லை, பார்த்தால் காலமெல்லாம் அந்த முகத்தின்மேல் ஒரு கசப்பு இருக்கும் என்று அந்த நேரத்திலும் எப்படியோ தோன்றியது. இருநூறுக்கு மேல் அவர் எடுத்திருந்தார், அது தெரியும். அவள் அதைத் துரத்திக்கொண்டிருந்தாள், கிட்டத்தட்ட தொட்டுவிட்டாள், அதுவும் தெரியும். எத்தனை பாக்கி? ஒரு ஆறு போதும் என்று முந்தின நாள் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகும் ஒரு ஓவர் ஆடினார்களே, ஆடினார்களா, அது அதற்கு முந்தின நாளா. ஒரு சமயம் இரண்டு ஓட்டம் என்று தோன்றும். சாப்பிடும்போது ஒன்பது என்று தோன்றும். ராத்திரி புரண்டு படுத்தால் பதினொன்று. விக்கெட் மட்டும் சந்தேகமில்லை: அவுட்டான எட்டுப் பொத்தான்களும் பவுடர் டப்பாவில் இருக்கின்றன, இரண்டு பொத்தான்கள் பலகையில் நிற்கின்றன.

விட்டுக்கொடுத்துவிடலாம். 'நீ ஜெயிச்சிட்ட' என்று சொல்லிவிட்டு மடித்துவிடலாம். ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் விட்டு எழுந்த நேரம், பாவம் என்று பந்தை மெதுவாக விட்டார். அவள் நெம்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "பிச்சை போடுதியளோ? எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க." இரண்டு நாள் பலகைப் பக்கம் வரவில்லை. ஆக அது ஆகாது. இரண்டு கையாலும் தானே ஆடி முடிக்கலாம், வலது கையால் தாழ், இடது கையால் நெம்பு. போன வாரம் ஒரு நாள் அப்படி உட்கார்ந்தும் பார்த்தார். தாழைத் தூக்கப் போகும்போதுதான் அந்த எண்ணம் வந்து முள் மாதிரி மாட்டியது: ஓட்டம் எத்தனை பாக்கி என்று தெரியாது. அவள் பக்கம் நாலு அடித்தாலும் ஆறு அடித்தாலும் எந்த இடத்தில் ஜெயித்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விக்கெட் விழுந்தால் விழுந்ததுதான். இந்த ஆட்டத்தை இனி அவளால் தோற்க முடியும், ஜெயிக்க முடியாது. வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வேட்டியை எடுக்கவில்லை, இன்றைக்குத்தான்.

பயம் ஒன்று உண்டு, ஆனால் அது பலகையைப் பற்றியதல்ல என்று நினைத்தார். பிறகு, பலகையைப் பற்றியதுதானோ என்றும் நினைத்தார். பகவதி பொத்தானுக்குப் பொத்தான் குரல் மாற்றுவாள். கறுப்புப் பொத்தான் இறங்கினால், "ஏலே கைலாசம், என்ன பந்து போடுத, சோறு தின்னியா இல்லியா?" என்று அவருடைய அம்மாவாகவே கேட்பாள். தோளைக்கூட அம்மா மாதிரி ஒரு பக்கம் சாய்ப்பாள். சொர்ணம் இறங்கினால், "பாலு பொங்கிரும், சட்டுனு போடுங்க சாமி." அம்பை அத்தைக்கு மூக்கால் ஒரு இழுப்பு. அம்மா செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அம்மாவின் குரலை நினைத்தால் பகவதி செய்த அம்மாதான் காதில் வருகிறாள், நிஜ அம்மா வருவதில்லை. நிஜ அம்மாவுக்கு இதைவிடக் குரல் மெல்லிசோ? அவருடைய ஸ்டேஷன்கள் யாரும் பேசியதில்லை. பதினோரு பேர் அந்த ஒரு வாயில் இருந்தார்கள், மாவு மில் பெஞ்சில் பதினோரு பேரும் சேர்ந்துதான் சாய்ந்தார்கள். கோயம்புத்தூரில் சைலப்பன் வீடு ஏழாவது மாடியில். அங்கே கதவு தட்ட மாட்டார்கள், மணி அடிப்பார்கள், மழை வந்துட்டு என்று சொன்னால் ஹேமா துணி எடுக்கப் பால்கனிக்கு ஓடுவாள். நல்ல பெண். சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டாள். குண்டை விரலால் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது, வெயில் காலத்திலும் இரும்பு எப்படிச் சில்லென்று இருக்கிறது.

கதவைத் தட்டும் சத்தம். தட்டியதும் தட்டாததுமாகச் சாராள் டீச்சர் உள்ளே வந்துவிட்டாள். அடுத்த வீடு, ஒரே மதில். கையில் பிளாஸ்க். "அண்ணாச்சி, டீ கொண்டாந்திருக்கேன். அடுப்புதான் கழட்டியாச்சே, எங்க போய்க் குடிப்பிய? சீனி கம்மி, பொறவு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது." டம்ளரும் இல்லை, பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். பலகையைப் பார்த்தாள். "இதுதானா அது? பகவதியக்கா 'அவுட்டு, அவுட்டு'ன்னு கத்துறது எங்க அடுக்களைக்குக் கேக்கும். எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுவேன், பாருங்க, மத்த வீட்ல புருசன் பொஞ்சாதி எதுக்கெல்லாம் சண்டை போடுதாவ, நீரும் இருக்கீரேன்னு." கைலாசம் சிரித்தார். டீ நன்றாக இருந்தது, சீனியும் சரியாகத்தான் இருந்தது. "இதுல நீங்களும் உண்டு டீச்சர்" என்றார். "நானா?" "அந்தா நிக்கியளே." பலகையில் முத்துப் பொத்தானுக்கு எதிரே பழுப்பு நிறத்தில் ஒரு கோட்டுப் பொத்தான், நாலு துளை, எட்டணா அகலம். டீச்சர் குனிந்து பார்த்தாள். "இந்தத் தண்டிப் பொத்தானா நானு? அக்காவுக்குக் கொழுப்பைப் பாத்தியளா!" என்று தன் இடுப்பைத் தானே ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "எத்தனாவது ஆளு?" "பத்தாவது." "பத்தாவதா? ஸ்போர்ட்ஸ் டே முழுக்க நின்னு விசில் ஊதுனவ நானு, என்னையக் கொண்டுபோய்ப் பத்தாவதா விட்டிருக்கா?" குரலில் நிஜமாகவே கொஞ்சம் கோபம். பகவதி செய்கிற சாராள் டீச்சர் இப்படி இருக்காது. "எவன் அங்க திரும்பிப் பாக்கது?" என்று பரீட்சை ஹாலில் அதட்டுவது போல அடிவயிற்றிலிருந்து வரும். நிஜ டீச்சரின் குரல் இத்தனை கீச்சென்று இருப்பதை இத்தனை வருஷத்தில் கைலாசம் இப்போதுதான் கவனித்தார்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தார். இரண்டு பொத்தான்களில் தகர மட்டைக்காரனின் காலடியில் இருப்பது முத்துப் பொத்தான் அல்ல, கோட்டுப் பொத்தான். இரண்டு மாதமாக அம்பை அத்தை, அம்பை அத்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தார், அத்தை எதிர்முனையில் சும்மா நிற்கிறாள். அடுத்த பந்தை ஆட வேண்டியது சாராள் டீச்சர். பகவதியின் சட்டம் ஒன்று உண்டு: பொத்தானுக்கு உரியவள் வீட்டுக்குள் இருந்தால் அவளேதான் ஆட வேண்டும், இல்லாவிட்டால் பகவதி ஆடுவாள். சொர்ணம் ஒரு தரம் பால்கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே ஆடி நாலு அடித்திருக்கிறாள். ஆடிக்கு வந்த அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆடினாள். விருந்தாளி வந்தால் மழைதான், ஆனால் வந்தவள் ஆட வேண்டியவளாகவே இருந்தால் மழை கிடையாது. ஆக, இது பிச்சை இல்லை. இரண்டு கையும் ஒரே ஆளுடையதும் இல்லை. முறைப்படி விழ வேண்டிய பந்து. தோற்கத்தான் முடியும் என்ற முள் அங்கேயேதான் இருந்தது. ஆனாலும் ஆட வேண்டிய ஆள் வந்து நிற்கும்போது பந்தைப் போடாமல் இருப்பது ஆட்டத்தில் சேராது. அதை அவளே சொல்லுவாள். "டீச்சர், இப்படி உக்காருங்க. நீங்க ஆடணும்." "என்னது?" "ஒரு பந்து. குண்டு வரும், இந்த நெம்பைத் தட்டணும்." டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "கர்த்தாவே" என்று முனகி, நெம்பில் விரலை வைத்தாள்.

அவர் தாழில் கை வைத்தார். மெதுவாகப் போடலாம் என்ற ஆசை விரல் நுனிவரை வந்தது. வழக்கம்போலவே போட்டார். தகரத்தில் குண்டு உருளும் சத்தம் காலி வீட்டில் வண்டி பாலம் கடக்கிற மாதிரி கேட்டது. டீச்சர் தட்டினாள், நல்ல நேரத்தில்தான் தட்டினாள். குண்டு நாலு என்று எழுதிய குழியின் விளிம்பில் ஏறி ஒரு சுற்று சுற்றி, யோசிக்கிற மாதிரி நின்று, பக்கத்தில் சிவப்பில் விழுந்தது. "நாலா அண்ணாச்சி?" "அவுட்டு டீச்சர். கேட்ச்." "அதுக்குள்ளயா? ஒரு ட்ரையல் பால் கெடையாதா? எங்க பிள்ளையளுக்கே குடுப்போமே." "கெடையாது." "நீங்க அநியாயம் பண்ணுதிய, அக்காட்ட கேட்டாத் தெரியும்" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் வாழைப்பழ வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். கைலாசம் கோட்டுப் பொத்தானை எடுத்துப் பவுடர் டப்பாவுக்குள் போட்டார், அது மற்ற எட்டோடு மோதிச் சத்தமிட்டது. டீச்சர், "அடுத்து யாரு?" என்று கேட்டாள். அவர் டப்பாவின் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில் பசை வைத்த தாளில் ரவிக்கைக் கொக்கி ஒன்று ஒட்டியிருந்தது, புதுசு, ஒரு தையலும் ஏறாதது. "பொத்தான் மிஞ்சல, எனக்கு இது போதும்னு சொல்லிட்டா. எல்லாரையும் அனுப்பிட்டு கடைசியா வாரேன்னு சொல்லுவா. அநேகமா அதுக்கு முன்னாலயே ஆட்டம் முடிஞ்சிரும்." "அப்ப அக்கா ஆடுனதே இல்லியா?" "எல்லாருக்காகவும் ஆடுவா. அவளா இறங்குனது ரொம்பக் கம்மி." டீச்சர் கொக்கியை ஒரு விரலால் தொட்டாள், எடுக்கவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. சைலப்பன் உள்ளே வந்தான், பின்னாலேயே ஹேமா, அதன் பின்னால் மேசை தூக்க இரண்டு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு. டீச்சர் சைலப்பனிடம், "எலே, உங்க அப்பா என்னை ஒரே பந்துல அவுட்டாக்கிட்டாரு" என்றாள். சைலப்பன் பலகையைப் பார்த்தான், டப்பா மூடியைப் பார்த்தான். சின்ன வயதில் தெருவில் ஆடியவன், அவனுக்கு விஷயம் உடனே புரிந்தது. "அடுத்த ஆள் வர முடியாதுன்னா ஆல் அவுட்டுதாம்ப்பா. அதுதான் ரூல். நீங்க ஜெயிச்சிட்டிய" என்றான், மெதுவாகத்தான் சொன்னான். கைலாசம் யோசித்தார். நிஜ ஆட்டத்தில் அது சரி. "அவள அவுட்டாக்கப் பந்து போடணும்லா" என்றார். "நான் போடல." பலகையை இனி விரித்து வைக்க வேண்டியதில்லை என்று கைலாசத்துக்குத் தோன்றியது. இரண்டு மாதமாகத் தொட்டால் கலைந்துவிடும் என்று பயந்த ஆட்டம் இப்போது கலைவதற்கு ஒன்றுமில்லாமல் சின்னதாகிவிட்டது, தலைக்குள் வைத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். முத்துப் பொத்தானை எடுத்துத் துணியில் முடிந்தார். டப்பாவை மூடித் திருகிச் சட்டைப் பையில் போட்டார். "மடிச்சிரும்மா" என்றார் ஹேமாவிடம். அவள் கீலை எண்ணெய் இல்லாத சத்தத்தோடு மடித்தாள், ஆட்கள் மேசையின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினார்கள்.

ஒன்பது விக்கெட் விழுந்திருந்தது. பகவதி இன்னும் ஆட இறங்கவில்லை.